ஒரே டக்டில் ஊரைக் கூட்டாதீர்கள்: கோவை பேனல் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் பீளமேட்டிலும் குறிச்சி சிட்கோவிலும் கன்ட்ரோல் பேனல் (மெஷினை ஓட்டுகிற மின்கருவிகள் இருக்கிற இரும்புப் பெட்டி) கட்டும் பட்டறைக்காரர்களுக்கும், அங்கே டிராயிங் போடுகிறவர்களுக்கும், வயரிங் வேலையில் நிற்கிற தம்பி தங்கைகளுக்கும் இந்த மடல். நானும் உங்களில் ஒருவனாகத்தான் தொடங்கினேன். ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஒரு பட்டறையில் வயர் நுனிகளில் ஃபெரூல் நம்பர் மாட்டுகிற வேலை. ஏழு வருடம் வயரிங், அப்புறம் புதுப் பேனலை மில்லில் ஓட வைக்கிற கமிஷனிங், இப்போது சர்வீஸ். அதாவது, நீங்கள் பூட்டி லாரி ஏற்றி அனுப்பிய கதவை எங்கேயோ ஒரு மில்லில் நடுராத்திரியில் திறந்து பார்க்கிற ஆள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வயரிங்கின் அழகுக்கு நான் ரசிகன். வயர் ஓடுகிற பிளாஸ்டிக் கால்வாயான டக்டின் மூடியைக் கழற்றினால் வயரெல்லாம் எண்ணெய் தடவி வாரிப் பின்னிய சடை மாதிரி இருக்கும். நாலு விரற்கடைக்கு ஒரு டை. ஸ்கேல் வைத்து மடித்த மாதிரி மூலை வளைவு. ஃபெரூல் நம்பர்கள் ஸ்கூல் பிரேயரில் நிற்கிற பிள்ளைகள் போல ஒரே பக்கம் பார்த்து நிற்கும். பேனலைப் பார்க்க வருகிற கஸ்டமர் இன்ஜினியர் கதவைத் திறந்ததும் போனை எடுத்து ஒரு படம் பிடிப்பார், 'நீட்டா இருக்குங்க' என்பார், பாதி இன்ஸ்பெக்ஷன் அதோடு முடிந்துவிடும். நீங்களும் அந்தப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பீர்கள்.

என் புகாரே அந்தச் சடையைப் பற்றித்தான்.

போன வருடம் ஆடி மாதம் திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்குப் போனேன். சாஃப்ட் ஃப்ளோ மெஷின், பாலியஸ்டர் துணி. பாலியஸ்டருக்குச் சாயம் ஏற 130 டிகிரி வேண்டும். அதனால்தான் மெஷினே பிரஷர் குக்கர் மாதிரி மூடிக் கிடக்கும். அங்கே லாட்டுக்கு லாட் ஷேடு மாறிக்கொண்டிருந்தது. டையிங் மாஸ்டர் சாயம் சப்ளை செய்தவரோடு சண்டை போட்டிருக்கிறார். பாய்லர் ஆபரேட்டர் இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறார். வெப்பநிலை அளக்கிற பிடி100 சென்சாரை மூன்று முறை மாற்றிவிட்டார்கள். மெஷினுக்கு மூளையான பி.எல்.சி.யில் சென்சார் சிக்னலை வாங்குகிற அனலாக் கார்டையும் ஒரு தடவை மாற்றிப் பார்த்தாகிவிட்டது. பேனல்மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? அவ்வளவு நீட்டாக இருந்தது.

ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மெயின் பம்ப் மெதுவாக ஓடும்போது வெப்பநிலை ஒழுங்காக இருக்கிறது. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் 35 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சட்டென்று ஐந்தாறு டிகிரி குதிக்கிறது. உள்ளே 124 டிகிரிதான் இருக்கும், பி.எல்.சி. 130 வந்துவிட்டது என்று நம்பி ஸ்டீம் வால்வை மூடிவிடும். துணி அரைவேக்காடு. பம்ப் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பது துணியின் எடையைப் பொறுத்து மாறும், அதனால் ஒவ்வொரு லாட்டிலும் தப்பு வேறு வேறு அளவில். ஷேடு மாறாமல் என்ன செய்யும்?

என் வண்டியில் உலோக உறை சுற்றிய மூன்று கோர் ஷீல்டு கேபிள் பதினைந்து மீட்டர் கிடந்தது. சென்சார் தலையிலிருந்து நேராகத் திறந்த கதவு வழியாக அனலாக் கார்டுக்கு இழுத்தேன். எந்த டக்டுக்குள்ளும் போடவில்லை. இன்சுலேஷன் டேப்பால் கதவு ஓரத்தில் ஒட்டி, கொடிக்கயிறு மாதிரி தொங்கவிட்டேன். பார்க்கக் கண்றாவியாக இருந்தது. டிரைவை 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினோம். ரீடிங் அசையவில்லை. அதே கேபிளை எடுத்து இடது பக்க டக்டுக்குள் அழுத்தினேன், குதித்தது. வெளியே எடுத்தேன், நின்றது. முதலாளி ஏதோ வித்தை காட்டுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, மூன்று முறை செய்து காட்டச் சொன்னார்.

அந்த டக்டுக்குள் என்ன இருந்தது என்று பிரித்துப் பார்த்தோம். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகிற மூன்று வயர்களும் மேலிருந்து கீழ் டெர்மினல் வரை அதே வழியில் இறங்கியிருந்தன. பிடி100 வயர்கள் அதே வழியில் ஏறியிருந்தன. சுமார் ஒன்றே முக்கால் மீட்டர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. இன்னொன்றும் பார்த்தேன், அதைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. கட்டியவர் மெல்லிய சிக்னல் வயர்களை உள்ளே வைத்து, தடிமனான பவர் வயர்களைச் சுற்றிலும் வைத்து டை போட்டிருக்கிறார். கட்டு உருண்டையாக வர அதுதான் வழி. மெல்லிய வயர் வெளிப்பக்கம் இருந்தால் கட்டு கோணலாகத் தெரியும் என்று எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பேனலிலேயே நோஞ்சானான பையனைக் கூட்டிப்போய் மூன்று ரவுடிகளுக்கு நடுவில் உட்கார வைத்த கதை அது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 415 வோல்ட் சப்ளையை டிரைவ் முதலில் டி.சி. ஆக்குகிறது, அது ஏறக்குறைய 580 வோல்ட். அதை ஐ.ஜி.பி.டி. என்கிற மின்னணு சுவிட்ச் நொடிக்குச் சில ஆயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் மோட்டாருக்கு அனுப்புகிறது. நாலு கிலோஹெர்ட்ஸில் வைத்திருக்கிறீர்கள் என்றால் ஒரு ஃபேஸில் நொடிக்கு நாலாயிரம் ஏற்றம், நாலாயிரம் இறக்கம். ஒவ்வொரு ஏற்றமும் ஒரு மைக்ரோ விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஓடுகிற இரண்டு வயர்கள் தாமே ஒரு கெப்பாசிட்டர்தான். இன்சுலேஷன் நடுவே இருக்கிற இரண்டு உலோகம், வேறென்ன? ஒன்றரை இரண்டு மீட்டருக்கு நூறு பைக்கோஃபாரட் வருவது சாதாரணம். 580 வோல்ட் அந்த வேகத்தில் ஏறினால், அந்த நூறு பைக்கோஃபாரட் வழியாக அந்தக் கண நேரத்துக்கு அரை ஆம்பியர் பாயும். வயரில் வெட்டு இல்லை, கீறல் இல்லை, இன்சுலேஷனைச் சோதிக்கிற மெக்கர் போட்டுப் பார்த்தால் தங்கம் மாதிரி காட்டும். ஆனாலும் பாயும்.

எதிர்ப்பக்கம் பிடி100 எவ்வளவு பேசுகிறது? ஒரு டிகிரிக்கு 0.385 ஓம். ஒரு மில்லி ஆம்பியர் விட்டு அளந்தால் ஒரு டிகிரிக்கு அரை மில்லி வோல்ட்கூட இல்லை. ஆறு டிகிரி பொய் சொல்ல வைக்க 2.3 மில்லி வோல்ட் போதும். இன்னொரு வகை வெப்பநிலை சென்சாரான கே டைப் தெர்மோகப்பிள் இன்னும் மோசம்: டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோ வோல்ட், ஒரு மில்லி வோல்ட் தப்பினால் 24 டிகிரி தப்பு. மாரியம்மன் கோயில் திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழே நின்று ரகசியம் பேசச் சொல்கிறோம். சரியாகக் கேட்கவில்லை என்று பேசியவனை மாற்றுகிறோம், கேட்டவனை மாற்றுகிறோம். மூன்று சென்சார், ஒரு கார்டு.

இதை உங்களில் சிலரிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். உடனே ஒரு பதில் வரும்: 'எல்லாமே 1100 வோல்ட் கிரேடு வயர்தாங்க, ஒரே டக்டில் போகலாம்.' இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் மெஷின் மின்சாமான்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐ.இ.சி. 60204-1 ஐயும் சேர்த்துச் சொல்வார்கள். அந்தத் தரநிலையில் அப்படி இருப்பது உண்மைதான். ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்காதவரை வேறு வேறு வோல்டேஜ் சர்க்யூட்கள் ஒரே டக்டில் போகலாம், எல்லா வயரின் இன்சுலேஷனும் அதில் இருக்கிற அதிகபட்ச வோல்டேஜைத் தாங்க வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் அந்த இன்சுலேஷன் நிபந்தனை யாருக்கும் ஷாக் அடிக்கக்கூடாது, வயர் எரியக்கூடாது என்பதற்காகச் சொன்ன விதி. பி.வி.சி. தோல் கரன்ட் கசிவதைத் தடுக்கும்; மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் தடுக்காது. சுவர் திருடனைத் தடுக்கும், பக்கத்து வீட்டு டிவி சத்தத்தைத் தடுக்காது. மின் இரைச்சல் விவகாரத்துக்கு ஐ.இ.சி. 61000-5-2 என்று எர்த்திங்குக்கும் கேபிளிங்குக்குமே தனியாக ஒரு ஆவணம் இருக்கிறது. அதைத் தேடிப் போக வேண்டாம், டிரைவோடு டப்பாவில் வருகிற கையேட்டைப் புரட்டினாலே போதும். மோட்டார் கேபிளுக்கும் சிக்னல் கேபிளுக்கும் நடுவே 200 மில்லிமீட்டராவது விடு என்று எழுதியிருக்கும்; வெளியே கேபிள் டிரேயில் நீளமாக ஓடும்போது 500 வரை கேட்கிற கம்பெனியும் உண்டு. அந்தக் கையேடு நம் பட்டறைகளில் பேனலோடு பேனலாகச் சீல் உடைக்காத கவரில் கஸ்டமருக்குப் போய்ச் சேர்கிறது.

குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், கேட்கலாம். வயரிங் ஆளாக இருந்தபோது நான் கட்டிய பேனல் ஒன்றில் மின் இரைச்சலை வடிகட்டுகிற விலை உயர்ந்த ஒரு ஈ.எம்.ஐ. ஃபில்டர் வந்தது. ஃபில்டருக்குள் போகிற வயரையும் வெளியே வருகிற வயரையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி, ஒரே டக்டில் இறக்கி, அழகாக டை போட்டேன். சூப்பர்வைசர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அழுக்குத் தண்ணீரை வடிகட்டி, வடிகட்டிய தண்ணீரைத் திரும்ப அழுக்குத் தொட்டி வழியாகவே கொண்டுபோன மாதிரி. ஃபில்டர் இருந்தும் இல்லாத கணக்கு. அது எனக்குப் புரிய ஆறு வருடம் ஆயிற்று; அந்தப் பேனல் இன்னும் எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

சரி, என்னதான் செய்ய வேண்டும்?

வயர்களை வோல்டேஜ் பார்த்துப் பிரிக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஏ.சி. கன்ட்ரோலுக்குச் சிவப்பு, டி.சி. கன்ட்ரோலுக்கு நீலம் என்று நிறமும் மாற்றுகிறோம். அதோடு, யார் சத்தம் போடுகிறவர், யார் காது கூர்மையானவர் என்றும் பார்க்க வேண்டும். மேலும் கீழும் 415 வோல்ட்தானே என்று, சப்ளை உள்ளே வருகிற இன்கமரையும் டிரைவ் அவுட்புட்டையும் ஒரே சாதியில் சேர்க்காதீர்கள். இன்கமரில் ஓடுவது 50 ஹெர்ட்ஸ் சாது. டிரைவ் அவுட்புட்தான் முழுப் போக்கிரி. பிரேக்கிங் ரெசிஸ்டர் வயரும் அதே கும்பல். காண்டாக்டர் காயில், சோலினாய்டு, பிரேக் காயில் இவையெல்லாம் சும்மா இருக்கும்போது நல்லவர்கள், ஆஃப் ஆகிற நொடியில் பல நூறு வோல்ட் உதைப்பார்கள். 24 வோல்ட் டி.சி. காயில் என்றால் குறுக்கே ஒரு டயோடு, ஏ.சி. காயில் என்றால் ஆர்.சி. சப்ரஸர். காண்டாக்டர் தலையிலேயே கிளிப் மாதிரி மாட்டுகிறது கடையில் கிடைக்கிறது. அதை மாட்டாமல் சிக்னல் வயரைத் தள்ளித் தள்ளி ஓட்டிப் பிரயோஜனமில்லை. பிராக்சிமிட்டி, லிமிட் சுவிட்ச் போன்ற 24 வோல்ட் இன்புட்கள் ஓரளவு தாங்கும். தெர்மோகப்பிள், பிடி100, லோடு செல், 4–20 மில்லி ஆம்பியர், என்கோடர், மோட்பஸ் வயர் இவைதான் தொட்டால் வாடுகிறவை. போக்கிரிக்கும் தொட்டாச்சிணுங்கிக்கும் ஒரு டக்ட் கூடாது. இவ்வளவுதான் விஷயம். நடுவில் இருக்கிறவர்களை நடுவில் விடுங்கள்.

இதை வயரிங் டேபிளில் வைத்துச் செய்ய முடியாது. அந்தக் கட்டத்தில் டிரைவை எங்கே மாட்டினீர்கள், பி.எல்.சி.யை எங்கே மாட்டினீர்கள், கேபிள்கள் நுழைகிற கிளாண்ட் பிளேட்டில் எந்தப் பக்கம் என்ன ஓட்டை என்பதெல்லாம் முடிந்துபோயிருக்கும். வயரிங் செய்கிற பிள்ளைக்கு இடமும் வலமும் இரண்டே டக்ட். டெர்மினல் எல்லாம் கீழே ஒரே வரிசை, டிரைவ் டெர்மினலும் அனலாக் டெர்மினலும் தோளோடு தோள். அந்தப் பிள்ளை என்ன செய்யும்? ஆகக் குறைந்த தூரத்தில் போகும், அழகாகக் கட்டும். அதற்குத்தான் கூலி, அதற்குத்தான் பாராட்டு. ஆகவே இந்த மடலின் காரமான பகுதி டிராயிங் போடுகிறவர்களுக்கும், டிராயிங்குக்கு ஒரு நாள்கூடக் கொடுக்காத முதலாளிகளுக்கும்தான்.

சர்க்யூட் டிராயிங்கில் ஒரு வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று இருக்கும். எந்த வழியாகப் போகிறது என்று இருக்காது. எது எங்கே உட்காரும் என்று காட்டுகிற ஜி.ஏ. டிராயிங்கில் டக்ட் வெறும் சாம்பல் நிறப் பட்டையாக இருக்கும். அந்தப் பட்டைக்கு ஒரு நம்பர் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் யார் போகலாம் என்று எழுதுங்கள். வயர் லிஸ்டில் 'எங்கிருந்து, எங்கே, சைஸ், நிறம்' என்று நாலு பத்தி இருக்கிறதல்லவா, ஐந்தாவதாக 'எந்த டக்ட்' என்று ஒன்று சேருங்கள். எக்செலில் பத்து நிமிட வேலை. அடுத்த நாள் புதிதாக வந்த பையன்கூடச் சரியாக ஓட்டுவான்.

லேஅவுட் போடும்போது டிரைவையும் கிளாண்ட் பிளேட்டையும் சேர்த்தே யோசியுங்கள். டிரைவ்களை ஒரு ஓரம் கீழே வைத்தால் மோட்டார் கேபிள் நேராகக் கீழே இறங்கி வெளியே போய்விடும். பேனலுக்குள் அரை மீட்டர்கூட அலையாது. பி.எல்.சி., அனலாக் கார்டு எதிர் ஓரம் மேலே. சிக்னல் கேபிள்களுக்கு அந்தப் பக்கமே தனி ஓட்டைகள். இப்படி வைத்தாலே முக்கால் பங்கு வேலை முடிந்துவிடும். இரண்டும் குறுக்கே சந்தித்துத்தான் ஆக வேண்டுமென்றால் செங்குத்தாக, கூட்டல் குறி மாதிரி கடந்து போகட்டும். பிரச்சினையே சேர்ந்து ஓடுகிற தூரம்தான். இருபது சென்டிமீட்டர் பக்கத்தில் ஓடுவதும் இரண்டு மீட்டர் ஓடுவதும் ஒன்றல்ல.

இன்னொரு தப்பு, இது பெரிய டிசைனர்களும் செய்வது: பிளஸ் 24 ஒரு டக்டில் போகும், அதன் ஜீரோ வோல்ட் வேறு டக்டில் சுற்றிக்கொண்டு வரும். சர்க்யூட் படி சரி. ஆனால் நடுவில் பேனல் அளவுக்கு ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. சுற்றியிருக்கிற காந்தப்புலத்தையெல்லாம் பிடிக்கிற ஆன்டெனா அது. போகிற வயரும் திரும்புகிற வயரும் புருஷன் பெண்டாட்டி மாதிரி சேர்ந்தே போக வேண்டும். முறுக்கி ஓட்டினால் இன்னும் நல்லது. இது புது ஞானமல்ல. டெலிபோனுக்கு வயர் இழுத்த காலத்திலேயே, 1881-இல், கிரகாம் பெல் முறுக்கிய ஜோடி வயருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். '800 அகலப் பேனலில் 200 மில்லிமீட்டரைச் சும்மா விடச் சொல்கிறாயே, கால்வாசிப் பேனல் போய்விடுமே. கஸ்டமர் 800-க்குத்தான் ரேட் கொடுத்திருக்கிறார்.' நியாயம்தான். பர்ச்சேஸ் ஆள் பேனலைச் சதுர அடிக்கு விலை பேசுகிற இடத்தில் காலி இடம் என்பது நஷ்டம் மாதிரித்தான் தெரியும். இடமே இல்லையென்றால் வேறு வழி இல்லாமலில்லை. நடுவில் எர்த் ஆன ஒரு தகடு வையுங்கள். இல்லையென்றால் மோட்டாருக்குப் பேனலுக்குள்ளேயே ஷீல்டு கேபிள் போடுங்கள், சத்தம் போடுகிறவனுக்கு வாய்ப்பூட்டு. ஆனால் ஒன்று, சிக்னல் கேபிளுக்கு மட்டும் ஷீல்டு வாங்கிப் போட்டுவிட்டு, போக்கிரியை அவிழ்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அதிகம்.

ஷீல்டு என்றதும் அதை முடிக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். நம் வழக்கம்: ஷீல்டை உரித்து, முறுக்கி, பச்சை ஸ்லீவ் போட்டு, லக் அடித்து, அரை அடி தள்ளி எர்த் பாரில் டைட் செய்வது. பார்க்க லட்சணமாக இருக்கும். முறுக்கிய அந்த வாலில் பத்து சென்டிமீட்டருக்கு 0.1 மைக்ரோ ஹென்ரி இண்டக்டன்ஸ் வரும். 50 ஹெர்ட்ஸுக்கு அது ஒன்றுமில்லை. டிரைவ் உண்டாக்குகிற பத்து மெகாஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு அந்த வால் ஆறு ஓமுக்கு மேலே. இரைச்சல் எர்த்துக்கு இறங்காமல் திரும்ப உள்ளேயே வரும். வெளித்தோலை ஒரு இரண்டு சென்டிமீட்டர் உரித்து, ஷீல்டைக் கலைக்காமல், உலோக கிளாம்ப் போட்டு நேராக மவுண்டிங் பிளேட்டில் அழுத்திப் பிடியுங்கள். சுற்றிலும் பிடிக்க வேண்டும், மோதிரம் மாதிரி.

அப்படிப் பிடிக்கப் போனால் இன்னொரு வில்லன்: நம் ஆரஞ்சு பிளேட். உள்ளே ஆரஞ்சு பவுடர் கோட்டிங் அடிப்பதை யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை, இப்போது அதுதான் மரபு, கஸ்டமரும் கேட்கிறார். பவுடர் கோட்டிங் என்பது இன்சுலேஷன். டிரைவின் உடம்பு, ஃபில்டரின் உடம்பு, கிளாம்ப் எல்லாம் பெயிண்டின் மேல் உட்கார்ந்தால் எர்த் என்பது ஒரு ஸ்குரூவின் மரைப் பக்கம் மட்டும்தான். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பிளேட் போடுங்கள். ஆரஞ்சுதான் வேண்டுமென்று அடம் பிடித்தால் அந்த இடங்களில் மட்டும் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். அனலாக் ஷீல்டை ஒரு பக்கம் எர்த் செய்வதா, இரண்டு பக்கமா என்ற சண்டையை நான் இங்கே தொடங்கப் போவதில்லை. டீக்கடைக்கு வாருங்கள், பேசுவோம். மோட்டார் கேபிளில் மட்டும் அந்தச் சந்தேகமே வேண்டாம், இரண்டு பக்கமும்தான்.

வேடிக்கை என்னவென்றால், பிரித்து ஓட்டுவது நமக்குத் தெரியாததல்ல. பெயிண்ட் கம்பெனிக்கோ சால்வென்ட் இருக்கிற மருந்து கம்பெனிக்கோ பேனல் கட்டும்போது தீப்பிடிக்க வைக்கிற அளவுக்குப் பொறி வராத இன்ட்ரின்சிக்கலி சேஃப் சர்க்யூட் வரும். அங்கே நீல டெர்மினல் தனி, நீல டக்ட் தனி, மற்ற டெர்மினலுக்கும் அதற்கும் 50 மில்லிமீட்டர் இடைவெளி. இன்ஸ்பெக்டர் ஸ்கேல் வைத்து அளப்பார். அங்கே யாரும் 'இடம் இல்லைங்க, 1100 வோல்ட் கிரேடுங்க' என்று சொல்வதில்லை. அளப்பார் என்று தெரிந்தால் நம் கை தானாகவே ஒழுங்காக வேலை செய்கிறது.

மற்றப் பேனல்களில் யாரும் அளப்பதில்லை. பட்டறையில் டெஸ்டிங் என்றால் கன்டினியூட்டி பார்ப்போம், மெக்கர் போடுவோம், சப்ளை கொடுத்து லேம்ப் எரிகிறதா, காண்டாக்டர் இழுக்கிறதா என்று பார்ப்போம். டிரைவை மோட்டார் இல்லாமல் வெறுமனே ஓட்டி டிஸ்ப்ளேயில் 50 வந்தால் ஓகே. கேபிள் இல்லாமல், மோட்டார் இல்லாமல் ஓட்டினால் டிரைவ் தன் முழுக் குணத்தைக் காட்டுவதே இல்லை. அதனால்தான் இந்தக் கோளாறு எப்போதும் சைட்டில் பிறக்கிறது, உங்கள் கண்ணில் படாமலே வளர்கிறது. உங்களுக்கு வருகிற தகவலெல்லாம் 'பி.எல்.சி. கார்டு போயிடுச்சு, வாரன்டியில் மாத்திக் கொடுங்க' என்பதுதான்.

ஒரு யோசனை. பட்டறை மூலையில் ஒரு பழைய இரண்டு எச்.பி. மோட்டார், இருபது மீட்டர் சாதாரண நாலு கோர் கேபிள், ஒரு பிடி100 வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு முந்தின நாள் டிரைவ் ஒவ்வொன்றிலும் அந்த மோட்டாரை மாட்டி மெதுவாக 50 ஹெர்ட்ஸ் வரை ஏற்றுங்கள். சென்சார் ஒரு டம்ளர் தண்ணீரில் கிடக்கட்டும். டம்ளர் தண்ணீரின் சூடு மோட்டார் வேகத்தைப் பார்த்து மாறாது. ஸ்கிரீனில் மாறினால் பேனலை நிறுத்தி வையுங்கள். ஷீல்டு கேபிளைப் போடாமல் சாதாரணக் கேபிளைப் போடச் சொல்வது வேண்டுமென்றேதான். சைட்டில் காண்ட்ராக்டர் அதைத்தான் போடப்போகிறார்.

அந்தச் சாயப்பட்டறைக் கதையை முடித்துவிடுகிறேன். இடது டக்டிலிருந்து மோட்டார் வயரை உருவினோம். டிரைவின் கீழேயிருந்து நேராக வலது ஓரத்தில் புதிதாக ஓட்டை போட்டு, ஷீல்டு கேபிளை இறக்கி, பெயிண்டைச் சுரண்டி கிளாம்ப் போட்டோம். பிடி100 பழைய இடத்திலேயே இருந்தது. மூன்று மணி நேர வேலை, பிளேட்டில் ஓட்டை போட்ட இரும்புத்தூள் டிரைவுக்குள் விழாமல் துணி போர்த்தியது உட்பட. ரீடிங் நின்றுவிட்டது. ஆனால் உருவும்போது டையெல்லாம் வெட்ட வேண்டியிருந்தது, சடை கலைந்துவிட்டது. முன்பிருந்த அளவுக்கு என்னால் திரும்பக் கட்ட முடியவில்லை. கை பழக்கம் போய்விட்டது. அந்த முதலாளி இப்போதும் பார்க்கும்போதெல்லாம், 'சரி பண்ணிட்டீங்க, ஆனா பேனலைக் கெடுத்துட்டீங்களே' என்கிறார்.

அந்தப் பேனலைக் கட்டிய பட்டறை எது என்று எனக்குத் தெரியும், சொல்லப்போவதில்லை. அங்கே அதைக் கட்டிய தங்கையின் கை எனக்குப் பிடித்திருக்கிறது. அவருக்கு டக்ட் நம்பர் போட்ட ஒரு வயர் லிஸ்ட் கொடுங்கள்.

இரண்டு எச்.பி. மோட்டார் ஒன்று என் வீட்டுப் பின்பக்கம் சும்மா கிடக்கிறது. பேரிங் கொஞ்சம் சத்தம் போடும், மற்றபடி நன்றாக ஓடும். முதலில் கேட்கிறவர் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் பேனல் கதவைத் திறந்து பார்க்கிற ஒரு சர்வீஸ் ஆள்